எந்த மாது? தருமபுரியில் ஓர் ஆளை அடையாளம் சொல்லும் முறை

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களை முதல் தடவை பார்க்கிறவருக்கு எல்லாக் கல்லிலும் ஒரே ஆள்தான் நிற்கிறான் என்று தோன்றும். ஒரு கையில் வில், மறுகையில் வாளோ குறுவாளோ, முடிந்த கொண்டை, பாயப்போகிறவன்போல் மடங்கிய கால். சிலர் உடம்பில் அம்பு தைத்திருக்கும். சில கற்களில் காலடியில் கெண்டியும் சிமிழும் இருக்கும். முகம் மட்டும் யாருக்கும் தனியாகக் கிடையாது. செத்தவனைச் சிற்பி நேரில் பார்த்தவனாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அவன் மூக்கையும் தாடையையும் கல்லில் கொண்டுவர மெனக்கெடவில்லை. இவன் வேறு, அவன் வேறு என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு முழுவதும் மேலே வெட்டிய சில வரி வட்டெழுத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

அந்த வரிகள் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் போகும். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த நாடு, எந்த ஊர், அங்கே யாருடைய ஆள், தொறு கவர்ந்தபோதா மீட்டபோதா, பட்டவன் பெயர் என்ன, இது அவன் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று இந்தப் பகுதி கைமாறிக்கொண்டே இருந்ததால் தலைப்பில் வரும் அரசன் பெயர் மாறும். வாசகத்தின் எலும்புக்கூடு பெரிதாக மாறாது. வீரன், தீரன், அஞ்சாநெஞ்சன் என்ற அடைமொழிகள் இந்தப் பழைய கற்களில் அரிது. பட்டான் என்பதோடு முடிந்துவிடும்.

இதே மரபின் சிறந்த சான்று பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்தது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரைசரின் மருமக்கள் பொற்றொக்கையார். அவருடைய இளமகன் கருந்தேவகத்தி. தன் எருமைகளுக்காக நின்று பட்டான். பொற்றொக்கையாரை அரசரின் உறவு கொண்டும், கருந்தேவகத்தியைப் பொற்றொக்கையாரைக் கொண்டும் அடையாளம் சொல்கிறது கல். வளர்த்த நாய்க்கும் அதே மரியாதை உண்டு. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்து, விழுந்தவனுக்குக் காவல் இருந்தது என்று தனியாகப் பொறித்திருக்கிறார்கள். பாசமுள்ள நாய், நன்றியுள்ள நாய் என்று இன்று நாம் எழுதுவோம். அவர்கள் எத்தனை பேரைக் கடித்தது என்று எழுதினார்கள்.

இன்னும் பழைய கற்களிலும் இந்த ஒழுங்கு உண்டு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று ஊர்ப் பெயரையும், ஆகோள் என்ற மாடு கவர்தலையும், பட்டவன் பெயரையும் மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. எழுத இடம் குறைவு, வெட்டக் கூலி அதிகம், அதனால் சுருக்கினார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதம் எனக்குப் போதவில்லை. கையளவு இடத்தில் எதை விட்டார்கள், எதை வைத்தார்கள் என்பதே அவர்கள் மனிதரை எப்படிப் பிரித்தறிந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. குணத்தை விட்டார்கள், உறவையும் இடத்தையும் செயலையும் வைத்தார்கள்.

மேற்கு நாடுகளில் மனிதரைப் பிரித்தறிவது ஆய்வுப்பொருளானபோது வேறு வழியில் போனது. 1884இல் பிரான்சிஸ் கால்ட்டன் குணத்தை அளப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்களுக்கிடையே உள்ள முக்கியமான வேறுபாடுகளுக்கெல்லாம் மொழியில் சொல் இருக்கும் என்பது அவர் எண்ணம். ரோஜெட்டின் சொற்களஞ்சியத்தைப் புரட்டி, குணத்தைக் குறிக்கும் சொற்கள் ஆயிரமாவது தேறும் என்று கணித்தார். 1936இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஓட்பர்ட்டும் ஒரு பெரிய ஆங்கில அகராதியைச் சலித்து 17,953 சொற்களைப் பட்டியலிட்டார்கள். அதில் நிலையான குணத்தைக் குறிப்பவை என்று ஒதுக்கியவை 4,504. பிற்பாடு வந்தவர்கள் அதைச் சுருக்கிச் சுருக்கி ஐந்து பெரும் குணக்கூறுகளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்று பெங்களூரில் வேலைக்கு விண்ணப்பிக்கும் பென்னாகரத்துப் பட்டதாரி கணினியில் நிரப்பும் ஆளுமைத் தேர்வுகளில் பலவும் அந்தப் பட்டியலின் பேரப்பிள்ளைகள்.

தமிழிலும் அப்படியொரு பட்டியல் போடலாம், சொல்லுக்குப் பஞ்சமில்லை. வெள்ளந்தி, அமுக்குணி, முசுடு, கல்லுளிமங்கன், விடாக்கண்டன், வாயாடி, ஊமைக்கோட்டான், கறார் பேர்வழி, அழுத்தக்காரன் என்று டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பக்கம் நிரம்பிவிடும். ஆகவே நம் ஆட்களுக்குக் குணம் பிரித்துச் சொல்லத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சொற்கள் இருக்கின்றனவா என்பதைவிட, ஓர் ஆளைப் பற்றிக் கேட்டால் முதலில் வாயில் வருவது எது என்பதுதான் கேள்வி.

அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ரிச்சர்ட் ஷ்வெடரும் எட்மண்ட் போர்னும் புவனேசுவரத்தின் பழைய நகரப் பகுதி மக்களிடமும் அமெரிக்கர்களிடமும் தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அமெரிக்கர்கள் அவள் நட்பானவள், அவன் முரடன் என்றார்கள். ஒடியாக்காரர்கள் பண்டிகை நாளில் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருவாள், பக்கத்து வீட்டுக்காரர்களைத் திட்டுவான் என்பதுபோலச் சொன்னார்கள். படிப்பறிவு குறைவு, பொதுமைப்படுத்திச் சிந்திக்கும் பழக்கமில்லை என்ற வழக்கமான விளக்கங்களை அவர்கள் சோதித்துத் தள்ளினார்கள். மனிதன் என்பவனைப் பற்றிய கருத்தே வேறு என்பது அவர்கள் முடிவு.

நமக்கு இன்னும் கிட்டத்தில், மைசூரில், ஜோன் மில்லர் செய்த ஆய்வு 1984இல் வெளிவந்தது. சிகாகோவிலும் மைசூரிலும் பெரியவர்களையும் குழந்தைகளையும் வைத்துச் செய்தது. அதில் வரும் ஒரு சம்பவத்தைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். வக்கீல் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறார். டயர் வெடிக்கிறது. பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறது. வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, காயம் எவ்வளவு மோசம் என்று டாக்டரிடம் கேட்காமலே கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். ஏன் அப்படிச் செய்தார்? அமெரிக்கர்கள் பெரும்பாலும் பொறுப்பில்லாதவர், தன் காரியத்தில் குறியானவர் என்று வக்கீலின் குணத்தில் காரணம் தேடினார்கள். மைசூர்க்காரர்கள் கோர்ட்டில் அவருக்கிருந்த கடமையையும், அந்த நேரத்துக் கலக்கத்தையும், காயம் பார்வைக்கு லேசாக இருந்திருக்கலாம் என்பதையும் சொன்னார்கள். சின்னக் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு அநேகமாக இல்லை. வயது ஏற ஏற அங்கே குணத்தின் பக்கமும் இங்கே சூழலின் பக்கமும் சாய்ந்தார்கள். பிறவியில் வருவதல்ல இது, பழக்கத்தில் வருவது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குத் தகடூர் நினைவுக்கு வரும். இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர்; அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடியதுபோல் ஒரு மனிதரை இன்னொருவர் பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்ன பதிவு சங்க இலக்கியத்தில் அதிகமில்லை. புறநானூற்றில் 94ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்துறையில் படுத்து ஊர்ப்பிள்ளைகள் தந்தத்தைக் கழுவ இடம் கொடுக்கும் யானை அவன், எங்களுக்கு; அதே யானைக்கு மதம் பிடித்தால் எப்படியோ அப்படி, பகைவருக்கு. இதில் அதியமான் சாதுவா மூர்க்கனா என்று யாரும் கேட்கமுடியாது. கேட்டால் யாருக்கு என்று ஔவையார் திருப்பிக் கேட்பார்.

அவன் இறந்தபின் பாடிய 235ஆம் பாட்டு இதைவிடக் கூர்மையானது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான்; நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் உண்டு மகிழ்வான். எலும்பும் கறியும் இருக்கிற இடமெல்லாம் எங்களுக்கு. அம்பும் வேலும் நுழைகிற இடமெல்லாம் அவன் நிற்பான். இப்படியே அடுக்கிக்கொண்டு போகிறார். இரங்கல் பாட்டில் கொடையாளி, வீரன் என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். அவர் இன்னது நடந்தால் இன்னது செய்வான் என்று நிபந்தனை நிபந்தனையாகச் சொல்கிறார். கள்ளின் அளவு மாறியதும் அவன் நடத்தை மாறுகிறது. அந்த மாற்றத்தில்தான் ஆள் தெரிகிறான்.

மேற்கத்திய உளவியல் இந்த இடத்துக்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. 1968இல் வால்டர் மிஷெல், ஓர் இடத்தில் நேர்மையாக இருக்கிறவர் இன்னோர் இடத்திலும் அப்படியே இருப்பார் என்று குணத்தை வைத்துச் சொல்லும் கணிப்புகள் பலவீனமானவை என்று எழுதி ஒரு பெரிய சண்டையைக் கிளப்பினார். பிறகு அவரும் யூய்ச்சி ஷோடாவும் கோடை முகாம் ஒன்றில் பிள்ளைகளை நாள்கணக்கில் கவனித்தார்கள். சண்டைக்காரப் பிள்ளைகள் என்று பேரெடுத்தவர்களில் ஒருவன் கூட்டாளி சீண்டினால் அடிப்பான், பெரியவர் கண்டித்தால் அடங்குவான், இன்னொருவன் நேரெதிர். மொத்தக் கணக்கில் இருவரும் சமம், ஆள் வேறு. இன்ன சூழலில் இன்ன நடத்தை என்ற அந்த வடிவம் ஒவ்வொருவருக்கும் நிலையாக இருந்தது, அதுவே அவர்களின் கையெழுத்து என்றார்கள். ஔவையாருக்கு இதைச் சொல்ல ஒரு முகாம் தேவைப்படவில்லை. ஆனால் அவருக்கு ஒருவனைத்தான் தெரிந்திருந்தது, இவர்கள் எண்ணிக் காட்டினார்கள். இரண்டுக்கும் மதிப்புண்டு.

இன்றைய தருமபுரிக்கு வருவோம். மாதேஸ்வரனைக் கும்பிடும் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. மாது, மாதன், மாதையன், மாதேஷ், மாதம்மாள் என்று ஊருக்கு ஊர் இருப்பார்கள். தலைப்பெழுத்தும் உதவாது. அப்பா முனுசாமி என்றாலும் எம். மாது, முருகன் என்றாலும் எம். மாது. ஆகவே மாது வந்தான் என்று யாராவது ஆரம்பித்தால் எந்த மாது என்ற கேள்வி வந்தே தீரும். பதில்கள் கேட்கத் தக்கவை. மேட்டுக்கொட்டாய் மாது. டெம்போ ஓட்றானே, அவன். தம்பி பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போறானே, அந்த வூட்டு மாது. நாலு தடவ போர் போட்டுத் தண்ணி வராமப் போச்சே, அந்த மாது. கொட்டாய் என்பது இந்தப் பக்கத்தில் நிலத்தோடு ஒட்டிய குடியிருப்பு. முகவரிக்கு முகவரி, அடையாளத்துக்கு அடையாளம். உயரம், நிறம், மூக்கு என்ற பேச்சு கடைசியில்தான் வரும், அதுவும் கேட்கிறவர் வெளியூர்க்காரராக இருந்தால்.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு வரும் இரண்டாம் கேள்வி, ஆளு எப்படி? இதற்குப் பதில் கேட்கிறவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. குத்தகைக்கு நிலம் விடுகிறவர் கேட்டால் ஒரு பதில். கைமாத்து கொடுக்கப்போகிறவர் கேட்டால் வேறு. பெண் கொடுக்க விசாரிக்க வந்தவர் கேட்டால் பதில் சொல்கிறவர் முதலில் டீ கிளாஸைக் கீழே வைப்பார். அம்மாவ வச்சுக் காப்பாத்துறான். சம்பளம் வந்தா வூட்ல குடுத்துடுவான். குடிக்காத அன்னிக்கு அவனப்போல வேலக்காரன் கெடையாதுங்க. கடைசி வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. குடிகாரன் என்று அவர் சொல்லவில்லை, குடிப்பதில்லை என்றும் சொல்லவில்லை. விசாரிக்க வந்தவருக்கு அது போதும். ஒரு சொல்லில் ஒரு கல்யாணம் நின்றுபோகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆக, இந்தச் சூழல்சார்ந்த விவரிப்பு ஞானம் மட்டுமல்ல, தற்காப்பும்கூட. பக்கத்துக் கொட்டாய்க்காரனை முரடன் என்று ஒரே சொல்லில் அடித்துவிட்டு நாளைக்கு அவன் முகத்தில் விழிக்கவேண்டும்.

மாட்டுச் சந்தையில் இந்த இரண்டு முறைகளும் நேருக்கு நேர் மோதுவதைப் பார்க்கலாம். காளையின் நெற்றி, முதுகு, வால் பக்கமெல்லாம் சுழி பார்ப்பார்கள். இன்ன சுழி குடும்பத்துக்கு ஆகாது, இன்ன சுழி யோகம் என்று சாஸ்திரம் உண்டு. பாடைச்சுழி என்றால் விலையே இறங்கிவிடும். உடம்பில் ஓர் அடையாளம், அதற்குள் ஒரு குணம், அந்தக் குணத்துக்கு ஒரு பலன் என்று போகும் வழி அது. மனிதருக்கு அங்க லட்சணம் பார்ப்பதும் அதே வழிதான். ஆனால் சுழி பார்த்து முடித்த அதே ஆள் அடுத்தபடி தரகரைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஓட்டி வந்தவரிடம் கேட்பார்: ஏர்ல எப்படி? வண்டில கட்டினா? பொம்பளைங்க கட்னா நிக்குமா? சேத்துல எறங்குமா? துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலை பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலைப் பொறுத்தே ஏறி இறங்கும்.

அரசாங்கங்களுக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் கட்டுப்படியாகாது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரில் இருந்தார். அவர் உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் இருந்தார். ஒவ்வொரு ரயத்தோடும் தனித்தனியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. இடையில் பாளையக்காரரோ ஜமீன்தாரோ வேண்டாம் என்றால் ஒவ்வொரு குடியானவரையும் அரசு தனியாக அறிந்தாக வேண்டும். எவ்வளவு நிலம், என்ன மண், எவ்வளவு கட்டமுடியும். இந்த மண்ணில் ஒரு சாதாரண ஆளைத் தனி ஆளாக அரசு அறிந்துகொண்ட பெரிய முயற்சி அது. அறிந்துகொள்ள விரும்பியது அவர் பணத்தை மட்டும்.

நூறாண்டு கழித்து எட்கர் தர்ஸ்டன் வந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கையில் அளவுக்கருவியோடு மாகாணம் முழுவதும் மூக்கையும் தலையையும் அளந்தவர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளந்தது ஒவ்வொரு தனி மனிதரை. எழுதியது ஒவ்வொரு சாதியின் சராசரியை. மூக்கைக் கொடுத்தவர் அந்தச் சராசரிக்குள் காணாமல் போனார்.

தர்ஸ்டனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. யாருடைய ஆள், எந்தப் பக்கத்து ஆள் என்று உறவை வைத்து மனிதரை அறியும் நம் முறைக்கும் இதே இருட்டு உண்டு. நீங்க எந்தத் தெரு என்ற கேள்வி பல நேரங்களில் சாதியைக் கேட்கிறது. பதில் கிடைத்ததும் கேட்டவர் அதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி அறிய ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு காதல் திருமணம் காரணமாகச் சொல்லப்பட்டது. திருமணம் இருவர் செய்தது. எரிந்தது மூன்று குடியிருப்புகள்.

அதற்கும் 20 ஆண்டுகள் முன்பு, 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லி நுழைந்தார்கள். ஊர் முழுவதும் கடத்தல்காரர்கள் என்பது அவர்கள் கணக்கு. கிழவர் யார், குழந்தை யார் என்று பார்க்கவில்லை. மலையாளிப் பழங்குடி மக்கள் அடிக்கப்பட்டார்கள், வீடுகள் நாசமாக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கு நடந்தபோது நிலைமை தலைகீழானது. இப்போது அந்தப் பெண்கள்தான் சீருடை அணிந்த பெருங்கூட்டத்திலிருந்து தனித்தனி ஆட்களைப் பிரித்துச் சொல்லவேண்டும். சீருடையின் வேலையே ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை மறைப்பது. முன்பின் தெரியாத முகத்தை, அதுவும் பயத்தின் நடுவே கண்டதை, பிறகு அடையாளம் காண்பது எவ்வளவு கடினம் என்று உளவியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வனத்துறைக்காரங்க செஞ்சாங்க என்பது ஊருக்குப் போதும். நீதிமன்றத்துக்கு இன்னார், இன்ன பொறுப்பில் இருந்தவர், இன்ன இடத்தில், இன்னதைச் செய்தார் என்று வேண்டும்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள்: வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. ஒரே கூட்டமாக வந்தவர்களை நீதிமன்றம் ஒவ்வொருவராகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் செயலுக்கேற்ற தண்டனையைக் கொடுத்தது. மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்ச ரூபாய் தரவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. யார் செய்தது என்பதோடு, செய்தவர்கள் யாருடைய ஆட்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பு கேட்டது.